போன் பேசும்போது மட்டும் நெட் ஒழுங்காக வருவது ஏன்?

கேள்வி: தரங்கம்பாடி பக்கம் கடற்கரையோரக் கிராமத்தில் இருக்கிறோம். எங்கள் தெருவுக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை; லேண்ட்லைன் வழியாக வரும் பிராட்பேண்ட்தான். 8 எம்பிபிஎஸ் பிளான். வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். வேகச் சோதனையில் 1.2-க்கும் 1.9-க்கும் நடுவே ஆடுகிறது. போன் மணி அடித்தால் நெட் அறுந்துபோகிறது. மழை பெய்தால் அரை நாளுக்குச் சுத்தமாக வராது. விநோதம் என்னவென்றால், போனை எடுத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது மட்டும் 1.9 அப்படியே நிற்கிறது. மோடத்தை இரண்டு முறை மாற்றிவிட்டோம். லைன்மேன் வந்து பார்த்து "லைன் நன்றாகத்தான் இருக்கிறது" என்கிறார். கீழே ஒரு போன், மாடியில் ஒரு போன். மோடத்துக்குள் போய்ப் பார்த்து எழுதியவை: டவுன்ஸ்ட்ரீம் 2,304 கேபிபிஎஸ், எஸ்என்ஆர் மார்ஜின் 5.8, அட்டெனுவேஷன் 31, சிஆர்சி பிழைகள் 48 ஆயிரத்துக்கு மேல். மூன்றாவதாக ஒரு மோடம் வாங்கட்டுமா?
- ஒரு வாசகி

பதில்: வாங்க வேண்டாம் அம்மா. இரண்டு மோடம் மாற்றியும் அதே கதை என்றால் மோடத்தின் மேல் பழி இல்லை. உங்கள் கடிதத்திலேயே விடை முக்கால்வாசி இருக்கிறது. வேகச் சோதனையின் முடிவை மட்டும் எழுதியிருந்தால் என்னால் எதுவும் சொல்லியிருக்க முடியாது. மோடத்தின் எண்களையும், பேசும்போது சரியாகிறது என்ற அந்த ஒரு வரியையும் எழுதினீர்களே, அவைதான் வழிகாட்டுகின்றன.

முதலில் அந்த 31. தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் கிளம்பிய சிக்னல் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் எவ்வளவு தேய்ந்தது என்பதன் கணக்குதான் அட்டெனுவேஷன். அலகு டெசிபல். 0.4 மி.மீ. செம்புக் கம்பியில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 14 டெசிபல் தேயும். ஆகவே உங்கள் வீடு கேபிள் போகும் வழியில் சுமார் இரண்டேகால் கிலோமீட்டரில் இருக்கிறது. கம்பி 0.5 மி.மீ. ஆக இருந்தால் இன்னும் சற்றுத் தள்ளி. 20 டெசிபலுக்குக் கீழே இருக்கும் வீடுகள் கொடுத்து வைத்தவை. 45-ஐத் தாண்டினால் நான்கைந்து எம்பிபிஎஸ் வந்தாலே பெரிது. 60-ஐத் தொட்டால் ஒன்றிரண்டுதான், அங்கே யார் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. உங்களுடைய 31-க்கு ஏடிஎஸ்எல் 2 பிளஸ் (தொலைபேசிக் கம்பி வழி பிராட்பேண்ட்) முறையில் 8 எம்பிபிஎஸ் தாராளமாக வர வேண்டும். "எக்ஸ்சேஞ்ச் தூரம், அவ்வளவுதான் வரும்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கம்பியின் நீளம் உங்கள் எதிரி அல்ல.

அடுத்தது எஸ்என்ஆர் மார்ஜின். இரைச்சலுக்கு மேலே சிக்னல் எவ்வளவு தலைதூக்கி நிற்கிறது, அதில் தேவைக்கு மேல் கையிருப்பு எவ்வளவு என்பதைச் சொல்லும் எண் இது. இந்த எண்ணைத் தனியாகப் பார்த்தால் ஏமாந்துபோவோம். மோடம் இணையும்போது பொதுவாக 6 டெசிபல் கையிருப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்தையெல்லாம் வேகமாக மாற்றிக்கொள்ளும். அதனால் 8,000-க்கு மேல் போகாதபடி பூட்டிய நல்ல லைனில் மார்ஜின் 12, 15 என்று உபரியாக நிற்கும். கெட்ட லைனோ வேகத்தைக் காவு கொடுத்துவிட்டு 6 பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். உங்களுடைய டவுன்ஸ்ட்ரீம், அதாவது எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டுக்கு வரும் வேகம், 2,304-க்கு இறங்கிய பிறகும் மார்ஜின் 5.8. வேகம், மார்ஜின் இரண்டையும் சேர்த்தே குறித்து வையுங்கள்.

இதில் இன்னொரு விஷயம் தெளிவாகிறது. தொலைபேசிக் கம்பியில் தகவல் 53 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாகப் போகிறது. ஒவ்வொன்றிலும் 5 பைட் முகவரிக்கே போய்விடும். மற்ற தலைப்புகளையும் சேர்த்தால் இணைப்பு வேகத்தில் ஏறத்தாழ 85 சதவீதம்தான் கைக்கு வரும். 2,304-இல் 85 சதவீதம் என்பது 1,958. நீங்கள் பேசும்போது கண்ட 1.9 அதுவேதான். ஆகவே வைஃபை, மாதாந்திர டேட்டா வரம்பு, அந்தப் பக்கத்துச் சர்வர் எதுவும் குற்றவாளி இல்லை. வேகம் மோடத்துக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவில்தான் தொலைகிறது. பேசாத நேரத்தில் 1.2 ஆகக் குறைவது சிஆர்சி பிழைகளால், அதாவது வழியில் கெட்டுப்போய் வந்து சேரும் தகவல்களால். கெட்டுப்போன பொட்டலங்களைத் திரும்பத் திரும்ப அனுப்புவதிலேயே நேரம் போகிறது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. மோடத்தில் 8,192 என்று காட்டியும் சோதனையில் 1 அல்லது 2 தான் வருகிறது என்றால் உங்கள் நோய் வேறு. லைனைத் தொடாதீர்கள். மோடத்தையும் கணினியையும் லேன் கேபிளால் நேரடியாக இணைத்துச் சோதியுங்கள். வேகம் ஏறினால் வைஃபைதான் காரணம், சேனலை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள். லேனிலும் அதே வேகம் என்றால் அந்த மாத டேட்டா தீர்ந்து வேகத்தைக் குறைத்துவிட்டார்களா என்று பாருங்கள். பைட்டையும் பிட்டையும் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம்: 8 எம்பிபிஎஸ் லைனில் ஃபைல் இறங்கும்போது நொடிக்கு 1 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டினால் அது சரியான வேகமே.

இனி உங்கள் விநோதத்துக்கு வருகிறேன். ரிசீவர் வைத்தபடி இருக்கும்போது லைனில் சுமார் 48 வோல்ட் நேர்திசை மின்னழுத்தம் நிற்கும், ஆனால் மின்னோட்டம் கிடையாது. ரிசீவரை எடுத்தால்தான் 20 முதல் 40 மில்லி ஆம்பியர் ஓடும். கம்பி இணைப்பு ஒன்றில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால், அந்த மெல்லிய களிம்புப் படலம் பிராட்பேண்டின் நுண்ணிய சிக்னலுக்குச் சுவர் மாதிரி. ரிசீவரை எடுத்ததும் ஓடும் மின்னோட்டம் அந்தச் சுவரில் துளை போட்டுவிடுகிறது. சிக்னலும் அந்தத் துளை வழியே சுகமாகப் போகிறது. ரிசீவரை வைத்தபின் கொஞ்ச நேரத்தில் துளை மூடிக்கொள்கிறது. லைன்மேன்கள் இதை ஹை ரெசிஸ்டன்ஸ் என்பார்கள். பேசும்போது நெட் சரியாகி, வைத்ததும் கெடுகிறது என்றால் இந்த நோய்தான் என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் சாதாரணமாக முறுக்கி விட்ட ஜாயின்ட் இப்படி ஆவதில் வியப்பில்லை.

லைன்மேன் "நன்றாக இருக்கிறது" என்றாரே, அவர் பொய் சொல்லவில்லை. அவர் செய்யும் இரண்டு சோதனையிலும் இந்தக் கோளாறு ஒளிந்துகொள்ளும். மீட்டரை வைத்தால் 48 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் மின்னோட்டத்தை இழுப்பதே இல்லை. இடையில் சில ஆயிரம் ஓம் களிம்பு இருந்தாலும் அதற்குத் தெரியாது. போனை மாட்டிக் கேட்டால் டயல் டோன் கணீரென்று வரும், ஏனென்றால் ரிசீவரை எடுத்த அந்த நொடியே ஜாயின்ட் தற்காலிகமாகக் குணமாகிவிட்டது. பேச்சுக்கு 4 கிலோஹெர்ட்ஸுக்குள் ஒலி போனால் போதும். பிராட்பேண்டுக்கோ 2,208 கிலோஹெர்ட்ஸ் வரை வழி சுத்தமாக இருக்க வேண்டும். போன் நன்றாகக் கேட்கிறது என்பதை லைன் நன்றாக இருப்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்வது தவறு. இந்த ஒரு தவறால்தான் உங்களைப் போன்றவர்கள் மோடம் மோடமாக வாங்கி நஷ்டப்படுகிறீர்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

இதை நிரூபிக்கும் சோதனையை நீங்களே செய்யலாம், ஐந்து நிமிடம் போதும். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: மோடம் இணையும் நொடியில் லைன் எப்படி இருந்ததோ அந்த வேகத்தைத்தான் பிடிக்கும். பிறகு லைன் சரியானாலும் பொதுவாக வேகம் தானாக ஏறாது. அதனால்தான் பேசும்போதும் உங்களுக்கு 1.9-க்கு மேல் போகவில்லை. தெரிந்தவர் யாருக்காவது லேண்ட்லைனிலிருந்து போன் போட்டு, அழைப்பைத் துண்டிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே மோடத்தை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். இணைந்ததும் டவுன்ஸ்ட்ரீம் எண்ணைப் பாருங்கள். 2,304 இருந்த இடத்தில் 5,000, 6,000 என்று வந்தால் சந்தேகமே இல்லை. அந்தத் திரையை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். புகார் கொடுக்கும்போது இதைவிடப் பலமான சாட்சி கிடையாது.

ஆனால் கோளாறான ஜாயின்ட் வீட்டுக்குள்ளா, வெளியிலா? லைன்மேனைக் கூப்பிடும் முன் இதை அறிந்துகொள்வது நல்லது. கம்பத்திலிருந்து வரும் ட்ராப் வயர் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் ஒரு சிறு வெள்ளைப் பெட்டியில் முடியும், ரொசெட் என்பார்கள். அதன் மூடியைக் கழற்றினால் இரண்டு திருகுகளில் ட்ராப் வயர் வந்து நிற்கும். அதே திருகுகளிலிருந்து வீட்டுக்குள் போகும் வயர்களும் கிளம்பும். உள்ளே போகும் எல்லா வயரையும் கழற்றிவிட்டு, மோடத்தை மட்டும் அங்கே நேராக மாட்டுங்கள். போன், ஸ்ப்ளிட்டர் (போனையும் நெட்டையும் பிரிக்கும் சிறு பெட்டி), மாடி வயர் எதுவும் வேண்டாம். 15 நிமிடம் ஓடவிட்டு எண்களைக் குறியுங்கள். மாற்றம் பெரிதாக இருந்தால் கோளாறு உங்கள் வீட்டு வயரிங்கில். அதே 2,000 சொச்சம் என்றால் வெளியே.

இந்த வேலைக்கு ஒரு எச்சரிக்கை. மணி அடிக்கும்போது அந்தக் கம்பியில் 75 வோல்ட் அளவுக்கு மாறுமின்சாரம் வரும்; ஈரக் கையில் சுரீர் என்று அடிக்கும். காய்ந்த கை, பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்குரூடிரைவர், காலில் செருப்பு. வானத்தில் இடி முழங்கும்போது ரொசெட்டின் பக்கமே போகக்கூடாது.

மாடிப் போனைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டீர்கள். எனக்கு அதன் மேலும் சந்தேகம் உண்டு. மணி அடித்தால் நெட் அறுவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, மணியின் மின்னழுத்தம் அந்தக் களிம்பு ஜாயின்ட்டை உலுக்குகிறது. இன்னொன்று, ஏதோ ஒரு போன் ஸ்ப்ளிட்டர் வழியாக வராமல் நேரே லைனில் தொங்குகிறது. ஸ்ப்ளிட்டரில் மூன்று வாய்: லைன், போன், மோடம். அதன் உள்ளே இருக்கும் சுருளும் கெப்பாசிட்டரும் குரலை மட்டும் போன் பக்கம் விட்டு, உயர் அதிர்வெண்ணைத் தடுக்கின்றன. கீழ்ப் போனுக்கு ஸ்ப்ளிட்டர் போட்டுவிட்டு, மாடி வயரை ரொசெட்டிலிருந்தே பிரித்துக்கொண்டு போயிருந்தால் போட்டதில் பயனே இல்லை. மாடிப் போன் உயர் அதிர்வெண் சிக்னலைத் தன் பங்குக்கு விழுங்கிக்கொண்டிருக்கும். காலர் ஐடி பெட்டி, ஃபேக்ஸ் இருந்தாலும் இதே கதி. ரொசெட்டிலிருந்து ஒரே ஒரு வயர் கிளம்பி ஸ்ப்ளிட்டரின் லைன் வாய்க்குப் போக வேண்டும். அதன் போன் வாயிலிருந்துதான் கீழ்ப் போன், மாடிப் போன் எல்லாம் கிளை பிரிய வேண்டும்.

மாடிப் போனைப் பிடுங்கிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. வெறும் வயர் தொங்கினாலும் கேடுதான். ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் பிரிந்து மொட்டையாக நிற்கும் வயரில் சிக்னல் போய் முட்டித் திரும்பி வந்து, தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். 30 மீட்டர் நீளமுள்ள அப்படிப்பட்ட வயர் 1,600 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு பள்ளம் தோண்டும். நீளம் இரட்டித்தால் பள்ளம் 800 பக்கம் இறங்கும். இரண்டுமே உங்கள் பிராட்பேண்டின் பாதையில் விழும் இடங்கள். பயன்படாத வயரை ரொசெட்டிலேயே கழற்றி விடுங்கள். வீட்டுக்குள் நீளமாக வயர் இழுக்க வேண்டியிருந்தால், இணையாக ஓடும் தட்டை வயர் வேண்டாம். லேன் கேபிளில் ஒரு ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஜோடி முறுக்கி இருப்பதே இரைச்சலைத் தடுக்கத்தான். அதைவிட நல்லது, மோடத்தை ரொசெட்டின் பக்கத்திலேயே வைத்துவிட்டு, மேசை வரைக்கும் லேன் கேபிள் இழுப்பது. தொலைபேசி வயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும்.

உங்கள் வீட்டில் மழைக்கும் கோளாறுக்கும் தொடர்பு இருப்பதால், பெரிய குற்றவாளி வெளியில்தான் என்று நினைக்கிறேன். நீர் புகுந்தால் இரு கம்பிக்கும் நடுவே கசிவு உண்டாகும். ஒரு கம்பியில் மட்டும் மின்தடை கூடினாலோ மண்ணுக்குக் கசிந்தாலோ இரு கம்பியின் சமநிலை கெடும். ஜோடிக் கம்பிகள் இரண்டும் ஒரே மாதிரி இருந்தால்தான் வெளி இரைச்சல் இரண்டிலும் சமமாக விழுந்து ரத்தாகும். சமநிலை போய்விட்டால் லைன் ஓர் ஏரியல் ஆகிவிடும். மத்திய அலை வானொலியும் பிராட்பேண்டும் ஒரே அலைவரிசைப் பகுதியில் ஓடுகின்றன. திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் உங்கள் டவுன்ஸ்ட்ரீமின் பாதைக்குள்ளேயே இருக்கிறது! இதையே சாதகமாகவும் ஆக்கலாம். பழைய மீடியம் வேவ் டிரான்சிஸ்டர் இருந்தால் நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, மோடத்தையும் தொலைபேசி வயரையும் சுற்றி நடந்து பாருங்கள். மலிவான எல்இடி பல்ப், செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் இவற்றில் எது கரகரக்கிறதோ அதைத் தள்ளி வையுங்கள். ஆனால் ஜாயின்ட்டைச் சரிசெய்யாமல் இதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். சமநிலை திரும்பினால் பாதி இரைச்சல் தானே அடங்கும்.

லைன்மேன் வரும்போது "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டால் மோடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். "பேசும்போது சரியாகிறது, வைத்தால் கெடுகிறது, ஹை ரெசிஸ்டன்ஸ் ஜாயின்ட் இருக்கிறது, மழையில் இன்சுலேஷன் குறைகிறது" என்று சொல்லி, எடுத்த படங்களைக் காட்டுங்கள். கம்பத்தில் கம்பிகளைப் பிரித்துவிடும் டிபி பெட்டியிலும், கூரை ஓட்டு விளிம்பிலும், நடுவில் எங்கெல்லாம் ட்ராப் வயர் ஒட்டுப்போட்டிருக்கிறதோ அங்கெல்லாமும் பழைய முறுக்கை வெட்டி எறிந்துவிட்டு ஜெல் நிரப்பிய கனெக்டர் போடச் சொல்லுங்கள். களிம்பைச் சுரண்டி மறுபடி முறுக்கி, டேப் சுற்றினால் அடுத்த ஐப்பசி மழை வரைதான் தாங்கும். ட்ராப் வயரில் இரண்டு மூன்று ஒட்டு இருந்தால் ஒட்டே இல்லாத ஒரே நீளமாக மாற்றித் தரக் கேளுங்கள். வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். மழைநீர் அந்த வளைவிலிருந்து சொட்டிப்போகும், ரொசெட்டுக்குள் வழியாது. டிபி வரை எல்லாம் சரியாக இருந்தும் குணமாகவில்லை என்றால், டிபியிலிருந்து பில்லர் (தெருவோர இணைப்புப் பெட்டி) வரை போகும் நிலத்தடி ஜோடியில் கோளாறு. அதைத் தோண்டிக்கொண்டிருக்க முடியாது. காலி ஜோடி இருந்தால் அதற்கு மாற்றிவிடச் சொல்லுங்கள்.

அவர் கிளம்பும் முன் எதிர்முனையில் கம்பிகளை ஷார்ட் செய்து லூப் ரெசிஸ்டன்ஸ் (இரு கம்பியும் சேர்ந்த மின்தடை) பார்க்கச் சொல்லுங்கள். இரண்டேகால் கிலோமீட்டருக்கு 0.4 மி.மீ. கம்பியில் 600 ஓம் வாக்கில் இருக்க வேண்டும். அது ஆயிரத்தைத் தாண்டினாலோ, மீட்டரில் எண் நிலையில்லாமல் ஆடினாலோ, இன்னும் ஒரு கெட்ட ஜாயின்ட் மிச்சம் இருக்கிறது.

எல்லாம் முடிந்த பிறகும் 2,304 அப்படியே நின்றால் மனம் உடைந்துவிடாதீர்கள். முதலில் மோடத்தை அணைத்துப் போடுங்கள். அப்போதும் எண் ஏறாமல், ஆனால் மார்ஜின் மட்டும் 15, 20 என்று உயர்ந்திருந்தால் அது நல்ல செய்தி. லைன் தேறிவிட்டது, முன்பு லைன் கெட்டிருந்த காலத்தில் எக்ஸ்சேஞ்சில் உங்கள் லைன் செருகியிருக்கும் போர்ட்டைக் குறைந்த வேகத்துக்குப் பூட்டியிருக்கிறார்கள். "போர்ட் புரொஃபைலை 8 எம்பிபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள்" என்று கேட்டால் அங்கிருந்தே செய்துவிடுவார்கள், யாரும் வீட்டுக்கு வர வேண்டியதில்லை. பிறகு சிஆர்சி எண்ணிக்கையை மட்டும் இரண்டு நாள் கவனியுங்கள். சில நிமிடங்களுக்கு ஒன்றிரண்டு ஏறுவது சகஜம். நிமிடத்துக்குப் பத்து இருபது என்றால் மறுபடி புகார் கொடுங்கள். பக்கத்திலேயே எஃப்இசி என்று லட்சக்கணக்கில் ஓர் எண் இருக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அவை மோடமே திருத்திக்கொண்ட பிழைகள்.

அழைப்பை வைத்துக்கொண்டு செய்த சோதனை, ரொசெட்டில் செய்த சோதனை, ஜாயின்ட் மாற்றியபின் எடுத்தது என மூன்று முறையும் வேகம், மார்ஜின், அட்டெனுவேஷன் எண்களைத் தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள். குறையாகவே இருந்தால் அவற்றை அனுப்புங்கள். எந்தப் பகுதியில் கோளாறு மிச்சமிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.